கூடவே வந்தவை

1

கம்ப்யூட்டரைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதப்படுபவை இரண்டு வகை. அது வந்துவிட்டதால் இலக்கியம் செத்துவிடும் என்ற புலம்பல் ஒன்று. அது வந்துவிட்டதால் தமிழ் பிழைத்துக்கொண்டது என்ற பெருமிதம் மற்றது. இரண்டு தரப்பாரும் யந்திரத்தின் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்து அதைக் கவனித்தவர்களாகத் தெரியவில்லை. கவனித்திருந்தால் ஒரு எளிய விஷயம் கண்ணில் பட்டிருக்கும். பணம் கொடுத்து வாங்கி வந்த யந்திரத்தில், நாம் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பலர் குடியேறியிருக்கிறார்கள்.

புது லாப்டாப் ஒன்றை முதன்முறை திறந்து பாருங்கள். ஒரு மாத காலத்துக்கு மட்டும் இலவசமாகக் காவல் காத்து, பிறகு சந்தா கேட்கும் வைரஸ் தடுப்பான். மிட்டாய்களை வரிசை சேர்க்கும் விளையாட்டு. மூலையில் வானிலை, அதைத் தொட்டால் சினிமா நடிகையின் விவாகரத்துச் செய்தி. நம் கோப்புகளையெல்லாம் எங்கோ தூரதேசத்தில் பத்திரப்படுத்துவதாகச் சொல்லும் கிடங்கு. யந்திரம் செய்த கம்பெனியின் சொந்த ‘உதவியாளர்’. இவற்றில் எதையும் கடையில் நாம் கேட்கவில்லை. விலைச்சீட்டில் இவற்றின் பெயர் இல்லை. ஆனாலும் இருக்கின்றன. சிலவற்றை நீக்கலாம். சிலவற்றை நீக்கினால் திரும்பி வரும். சிலவற்றுக்கு நீக்கும் பொத்தானே கிடையாது.

என் பிழைப்பு வங்கியில். அங்கே ‘டிஃபால்ட்’ என்றால் வாங்கிய கடனைக் கட்டத் தவறுவது. அந்தச் சொல் ஒருவர் பெயருக்கு எதிரில் ஏறிவிட்டால் அவருக்கு அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். கம்ப்யூட்டரில் அதே சொல்லுக்கு, நீ வாய் திறக்காதவரை உனக்காக முடிவு செய்யப்பட்டிருப்பது என்று பொருள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒன்றைச் செய்யாமல் விடுவது. செய்யாமல் விட்டவன் வங்கியில் குற்றவாளி. கம்ப்யூட்டரில் அவன்தான் மிகச் சிறந்த வாடிக்கையாளன். அவனுடைய அசிரத்தையின்மேல் பெரும் ஸ்தாபனங்கள் எழுந்து நிற்கின்றன.

நகைக்கடனுக்கு வருகிறவரிடம் இன்ஷூரன்ஸ் படிவம் ஒன்றையும் சேர்த்து நீட்டும் பழக்கத்தை எந்த ஊர் வங்கிக் கவுண்டரிலும் பார்க்கலாம். கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதில்லை. அவருக்கு வேண்டியது பணம், மற்றதெல்லாம் கூட வருவது. கூட வருவதற்கும் ஒரு விலை உண்டு என்பது வேறொரு நாளில், பாஸ்புக்கில் வரி விழும்போது தெரியும். ஆகவே இந்த விஷயம் எனக்கு யந்திர சமாசாரமாக மட்டும் படவில்லை.

2

ஏன் வருகின்றன என்பதற்கு மர்மமான காரணம் ஏதும் இல்லை. லாப்டாப் விற்பதில் கிடைக்கும் லாபம் சொற்பம். திரையில் ஓர் இடத்தை மற்றொரு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தால் அதற்குத் தனியாகப் பணம் கிடைக்கிறது. பஸ் முதுகில் விளம்பரம் ஒட்டுவது போலத்தான். வித்தியாசம், பஸ் நம்முடையதல்ல.

இந்த வியாபாரம் தன்னையறியாமல் முகம் காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2008 மார்ச்சில் சோனி கம்பெனி, தான் விற்கும் சில லாப்டாப்களில் இந்த உபரிகளை நீக்கித் தருவதற்கு 49.99 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. சேர்ப்பதற்கு ஒருவரிடம் பணம், நீக்குவதற்கு இன்னொருவரிடம் பணம். கண்டனம் எழுந்ததும் கட்டணத்தை உடனே கைவிட்டார்கள். ஆனால் அந்த விலைச்சீட்டு ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போனது. வெற்றிடம் என்பதும் ஒரு சரக்கு.

இதைவிட ஆழமான கேள்வி அதற்குப் பத்து வருஷம் முன்பே கோர்ட்டுக்கு வந்திருந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடர்ந்தது. விண்டோஸுடன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பிணைத்து வேறு உலவிகளுக்கு இடமில்லாமல் செய்தது முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. கம்பெனியின் வாதம் தத்துவார்த்தமானது என்றே சொல்லவேண்டும். இது தனியான ஒரு பொருள் அல்ல, விண்டோஸின் அங்கம், அங்கத்தை வெட்டினால் உடல் நிற்காது என்றார்கள். பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் அதை நீக்கிக் காட்டும் ஒரு சிறு ப்ரோகிராமை எழுதிக் கோர்ட்டில் சாட்சியம் சொன்னார். அந்த ப்ரோகிராமை ஓட்டினால் விண்டோஸ் தளர்ந்துபோகிறது என்று காட்டக் கம்பெனி கொண்டுவந்த வீடியோவின் நம்பகத்தன்மையே 1999இல் விசாரணையின்போது குலைந்தது.

நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் கம்பெனியை இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். 2001 ஜூன் 28 அன்று மேல்கோர்ட் அந்தப் பிரிவினை உத்தரவை ரத்து செய்தது. எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது இந்த ரத்தை மட்டும். அதே தீர்ப்பில் இருந்த மற்றொரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. விண்டோஸில் ப்ரோகிராம்களைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து எக்ஸ்ப்ளோரரின் பெயரை விலக்கி வைத்ததும், உலவியின் வரிகளையும் விண்டோஸின் வரிகளையும் ஒரே கோப்புகளில் கலந்து எழுதியதும் போட்டியை ஒடுக்கும் செயல்கள் என்று மேல்கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. ஒரு பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போவது தற்செயல் அல்ல, ஒரு செயல் என்று நீதிமன்றம் சொன்னது. விமர்சகர்கள் படிக்கவேண்டிய தீர்ப்பு. பெயர் விடுபடும் பட்டியல்களோடு நமக்கும் நெடுநாள் பரிச்சயம் உண்டு.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. 2004இல் ஐரோப்பிய கமிஷன் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா ப்ளேயர் இல்லாத ஒரு விண்டோஸையும் விற்கவேண்டும் என்றது. ‘எக்ஸ்பி என்’ என்ற பெயரில் அது வந்தது. முழுப் பதிப்பு என்ன விலையோ அதே விலை. வாங்க ஆளில்லை. இதைக் காட்டி, மக்களுக்கு நீக்குவதில் விருப்பமில்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்றால் அதே விலைக்கு வெறும் இட்லி தருகிறேன் என்கிற ஹோட்டலில், சட்னியை யாரும் வெறுக்கவில்லை என்று நிரூபிப்பது போன்ற வாதம் இது.

3

நூம்பலில் என் நண்பர் ஒருவர் இருந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் ஒன்றில், ஒரு கூடமும் சமையலறையும் கொண்ட வீடு. அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் கவிதை எழுதினார். சிறுபத்திரிகைகளில் கொஞ்சம் வந்தன. தொகுப்பு வரவில்லை, அதற்கு அவர் அலையவும் இல்லை. போன வருஷம் காலமானார். அவர் மனைவி அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். பையன் பதினொன்றாம் வகுப்பு.

நண்பரிடம் ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய லாப்டாப் ஒன்று இருந்தது. அவர் போனபிறகு அது பையனுக்கு என்று ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“தம்பி, இவன் பாடம் படிக்கலாம்னு தொறந்தா என்னென்னமோ வந்து நிக்குது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆபத்து ஆபத்துன்னு கத்துது. வேண்டாததெல்லாம் எடுத்துக் குடுத்துடுங்க” என்றார்.

கத்தியது யந்திரம் செய்த கம்பெனி வைத்திருந்த வைரஸ் தடுப்பான். கம்பெனி எது என்பது இங்கே அவசியமில்லை. தவணை முடிந்து பல வருஷமாகியும் அது சந்தா கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அது உண்மையான ஆபத்தா, கடன்காரன் குரலா என்று தெரியவில்லை. தெரியாதவரை பயமுறுத்துவதுதான் அதன் தொழில்.

தெருமுனையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையன் முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தான்: “ரீசெட் போட்டுடலாம்க்கா, ஐந்நூறு ரூபா, புதுசு மாதிரி ஆயிடும்.” அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் புதுசு மாதிரி என்றால் என்ன என்று யோசிக்கவேண்டும். ரீசெட் இரண்டு விதம். ஒன்று, நம் கோப்புகளை வைத்துக்கொண்டு நாம் நிறுவியவற்றை நீக்கும். மற்றது, இரண்டையும் நீக்கும். பொதுவாக இரண்டிலுமே, ஆரம்பத்தில் கூடவே வந்தவை மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். யந்திரத்தின் கணக்கில் ‘புதுசு’ என்பது நாம் இல்லாத நிலை. அவர்கள் இல்லாத நிலை அல்ல. சுத்தம் செய்கிறேன் என்று வீட்டுக்காரனின் பொருள்களை வெளியே போட்டுவிட்டு ஒண்டியிருந்தவனுக்கு வெள்ளையடித்துக் கொடுப்பது இது.

ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். பையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொரு பெயரிலும் நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்டோம். இது என்ன செய்கிறது? யார் கேட்டு வந்தது? போனால் யாருக்கு நஷ்டம்? சில பதில்கள் எளிது. விளையாட்டுகள், செய்தி, கடைக் குறுக்குவழிகள் இவற்றின்மேல் வலது பக்கம் சொடுக்கினால் நீக்கும் வரி வரும். தடுப்பானையும் அப்படியே எடுத்தோம். அதை எடுத்ததால் வீடு திறந்து கிடக்கவில்லை. விண்டோஸுக்கு என்று ஒரு காவல் கூடவே இருக்கிறது, வேறு தடுப்பான் உள்ளபோது அது ஒதுங்கி நிற்கும், அது போனால் தானே முன்வரும். கூட வந்தவற்றில் இது ஒன்று, வைத்துக்கொள்ளவேண்டியது.

இரண்டாம் படியில் பவர்ஷெல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, பொதியின் பெயரைச் சொல்லி நீக்கவேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பயனாளரின் கணக்கிலிருந்து ஒரு ஆப்பை நீக்குவது வேறு, யந்திரத்தின் சேமிப்பிலிருந்து நீக்குவது வேறு. முன்னதை மட்டும் செய்தால், நாளைக்கு வேறொருவர் பெயரில் கணக்குத் தொடங்கும்போது அது மறுபடி முளைக்கும். பயிரைப் பிடுங்கினாலும் குதிரில் விதைநெல் இருக்கிறது. பையனுக்குத் தனிக் கணக்கு தேவைப்பட்டதால் குதிரையே முதலில் காலி செய்தோம். இதற்கப்புறமும் பெரிய அப்டேட் ஒன்று வரும்போது சில புதிய விருந்தாளிகள் வரக்கூடும் என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் படி, பொத்தானே இல்லாதவை. அவற்றைக் கட்டாயமாகப் பிய்த்தெடுக்க வழிகள் உண்டு. பிய்த்தால் வேறெங்கோ தையல் விடும். அவற்றைத் திரையிலிருந்து விலக்கி, தானாகத் தொடங்காதபடி செய்துவிட்டு விட்டுவிட்டோம்.

இந்த வேலையின் நடுவில்தான் நண்பரின் கவிதைகள் வந்தன. பெரும்பாலும் நோட்பேடில் எழுதியிருந்தார். நோட்பேட் 1985இல் வந்த முதல் விண்டோஸிலிருந்தே கூட வருவது. அவர் எழுதிய காலத்தில் அதில் அலங்காரம் இல்லை, பக்க எல்லை இல்லை. எழுத்தை எழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டது. கேட்காமல் வந்த ஒன்றில்தான் அவர் தம் வாழ்நாளின் கவிதைகளை எழுதியிருந்தார். ‘கூட வந்தது எல்லாம் குப்பை’ என்ற என் கட்சி அங்கேயே பலவீனப்பட்டது. தமிழ் திரையில் தெரிந்ததற்குக் காரணமும் கூட வந்த ஒன்றுதான். விண்டோஸ் 2000 தொடங்கி லதா என்ற தமிழ் எழுத்துரு உள்ளேயே வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு விசைப்பலகை. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க, முதலில் அவருடைய எழுத்துருவை வாங்கிப் போட்டுக்கொள்ளவேண்டும்.

நண்பரின் பழைய கவிதைகள் அந்தக் காலத்தவை. 2003 வாக்கில் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி யூனிகோட் அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தாம். அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் கவிதை அர்த்தமற்ற ஆங்கிலச் சிதறலாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பு யாரும் கவனிக்காத இடத்தில், பல வருஷமாகப் புதுப்பிக்கப்படாமல், சந்தேகத்துக்குரிய ஒன்றைப்போலக் கிடந்தது. வேண்டாதவற்றைத் தேடும் எவர் கண்ணுக்கும் முதலில் படக்கூடியது. ரீசெட் போட்டிருந்தால் போயிருக்கும். கவிதைகளும் சேர்ந்து போயிருக்கலாம், அல்லது கோப்புகள் மட்டும் மிஞ்சி, பையன் ஒரு நாள் திறந்து பார்த்து, கெட்டுப்போன ஃபைல் என்று அழித்திருக்கலாம். பாமினியை இன்று யூனிகோடாக மாற்றிக்கொள்ள வசதிகள் உண்டு. ஆனால் மாற்றவேண்டிய ஒன்று அது என்று தெரிந்த ஒருவர் அதன்முன் உட்காரவேண்டும்.

பையன் கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தான். இருநூற்றுச் சொச்சம்.

“மாமா, இதெல்லாம் நிறைய இடம் எடுக்குமா?”

அவன் கேட்டது இடத்தைப் பற்றி மட்டும்தான். கணக்குப் போட்டுக் காட்டினேன். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆங்கில எழுத்துக்கு ஒன்று. அப்படி மும்மடங்கு கொடுத்தும் அவன் அப்பாவின் கவிதைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மெகாபைட் தேறவில்லை. அப்போது நாங்கள் எடுத்தெறிந்த ஒரு விளையாட்டு மட்டும் பல நூறு மெகாபைட். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த ஃபோல்டரைத் தன் கணக்கிற்கு மாற்றித் தரச் சொன்னான். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். பென் டிரைவில் ஒரு பிரதி நான் எடுத்துக்கொண்டேன்.

4

இணையத்தில் இந்த வேலையை ஒரே அடியில் முடித்துத் தரும் ஸ்கிரிப்டுகள் கிடைக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது. ஓட்டினால் அவருடைய பட்டியலில் உள்ள அனைத்தும் போய்விடும். நல்லவையும் உண்டு. ஆனால் பட்டியலைப் படித்துப் பார்க்காமல் ஓட்டுகிறவர், கம்பெனியின் டிஃபால்ட்டை விட்டு இன்னொரு அந்நியரின் டிஃபால்ட்டை ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான். தேர்வு நடக்கவில்லை. எஜமானர் மாறியிருக்கிறார்.

மொழியிலும் இதைப் பார்த்திருக்கிறோம். மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். அவர் செய்தது ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் நின்று கேள்வி கேட்ட காரியம். அதில் உழைப்பு இருந்தது, சொந்த நஷ்டமும் இருந்தது. அந்த இயக்கத்தால் நாம் பெற்றது கொஞ்சமல்ல. பின்னால் வந்தவர்கள் பலருக்கு அது ஒரு பட்டியலாக மட்டும் சென்று சேர்ந்தது. இன்ன சொல்லுக்கு இன்ன சொல் என்று மாற்றி வைத்துவிட்டு, வாக்கியம் அதே பழைய வாக்கியமாக, சிந்தனை அதே பழைய சிந்தனையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சமஸ்கிருதத்தை விரட்டிவிட்டோம் என்ற திருப்தியில், மேடைப் பேச்சின் எதுகை மோனைகள் கூடத்தில் கால்நீட்டிப் படுத்திருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இது அவர்களுக்கு மட்டும் உரிய குறையல்ல. நவீன கவிதை என்று நாம் பெருமைப்படுவதற்குள்ளும் கூடவே வந்தவை ஏராளம். இன்றைக்கு ஓர் இளைஞன் கவிதை எழுத உட்கார்ந்தால், அவன் ஒரு வரி எழுதுமுன்பே மௌனம், வெளி, நிழல், உதிரும் இறகு, ஜன்னலுக்கு வெளியே மழை இவையெல்லாம் வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன. இவற்றை அவன் அனுபவத்திலிருந்து எடுக்கவில்லை. புதுக்கவிதை என்ற யந்திரத்தோடு சேர்த்து வாங்கியவை. ஒரு காலத்தில் யாரோ சிலருக்கு இவை கண்டுபிடிப்பாக இருந்தன. இப்போது இவை நிறுவப்பட்டவை. விமர்சகனின் வேலை தீர்ப்புச் சொல்வது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ, அவன் வேலையின் பெரும்பகுதி அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்தது போன்றதுதான் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றாக எடுத்து, இது யார் கேட்டு வந்தது என்று விசாரிப்பது. அந்த விசாரணையில் சில சமயம் லதாவும் நோட்பேடும் தேறும். மரபில் கேட்காமல் வந்தவை எல்லாம் சுமை என்று சொல்கிறவர், தாம் அதைச் சொல்லப் பயன்படுத்தும் இலக்கணமும் கேட்காமல் வந்ததுதான் என்பதை மறந்துவிடுகிறார்.

நண்பரின் கவிதைகளிலும் மௌனங்கள் உண்டு, இறகுகள் உண்டு. அவற்றைக் கழித்தால் எழுபது, எண்பது கவிதைகள் நிற்கும் என்று நினைக்கிறேன். இன்னும் முழுக்கப் படித்து முடிக்கவில்லை. அப்படிக் கழிக்கிற உரிமை எனக்கு உண்டா என்பதும் தீர்மானமாகவில்லை. அவர் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். சண்டை போட ஆளில்லாத இடத்தில் கத்தரி வைப்பவன் இன்னும் நிதானமாக இருக்கவேண்டும்.

5

கம்பெனிகளை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது சௌகரியம். அரசாங்கங்களுக்கும் இந்த ஆசை உண்டு. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று, மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் தரும் திட்டம் தொடங்கியது. வேறு விதத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கவே முடியாத வீடுகளுக்குள் அது போயிற்று. அந்தத் திட்டத்தை நையாண்டி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் யந்திரத்தின்மேல் முதலமைச்சரின் படம் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2013இல் கொடுத்த லாப்டாப்களைத் திறந்தால் முதலமைச்சரும் அவர் தந்தையும் திரையில் தோன்றினார்கள். கொடுப்பவர் தம் முகத்தையும் கூடவே நிறுவுகிறார். வாங்கிக்கொள்கிறவரின் நன்றியும் ஒரு டிஃபால்ட்டாக எதிர்பார்க்கப்படுகிறது.

நீக்கும் உரிமை நம் நாட்டில் சட்டத்தின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு ஃபோன்கள் தொடர்பாக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில் ஒரு வரி, ஃபோனில் முன்பே வைக்கப்பட்ட தன் ஆப்களைப் பயனாளர் நீக்குவதை கூகுள் தடுக்கக்கூடாது என்றது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ரத்து செய்த நான்கு கட்டளைகளில் அந்த வரியும் ஒன்று. அபராதம் கம்பெனிக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். நமக்கு என்று இருந்த வரிகளில் அது ஒன்று.

ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கடமைகள் பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது 2024 மார்ச்சில். அதன் விளைவாக அங்கே விண்டோஸிலிருந்து எட்ஜ் உலவியை முறையாகவே நீக்கலாம். யந்திரத்தை முதலில் நிறுவும்போது எந்த நாடு என்று கேட்கிறதே, அந்தப் பதிலைப் பொறுத்து அந்தப் பொத்தான் தோன்றுகிறது, அல்லது தோன்றாமல் இருக்கிறது. அதே யந்திரம், அதே வரிகள். லிஸ்பனில் இருக்கும் பொத்தான் நூம்பலில் இல்லை. 1998இல் கோர்ட்டில் சொல்லப்பட்ட அங்கம், உடல் என்ற தத்துவம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. உடலிலிருந்து பிரிக்க முடியாத அங்கம் ஒரு தேச எல்லையைத் தாண்டியவுடன் பிரிக்க முடிவதாக ஆகிறது. ஆக, ‘முடியாது’ என்பது பொறியியல் சொல்லாக நமக்குச் சொல்லப்பட்டாலும், பல இடங்களில் அது பேரத்தின் சொல்.

கடைசியாக ஒன்று. 2025 நவம்பர் 28 தேதியிட்டு மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது. இந்தியாவில் விற்கும் புதிய மொபைல் ஃபோன்களிலெல்லாம் சஞ்சார் ஸாத்தி என்ற அரசு ஆப்பைத் தொண்ணூறு நாளில் முன்கூட்டியே நிறுவவேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடம் தரக்கூடாது என்று. திருட்டுப்போன ஃபோனைக் கண்டுபிடிக்கவும், நம் பெயரில் வேறு யாரும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் உதவுகிற ஆப் அது. பிரயோஜனமானது. வங்கிக்கு வரும் மோசடிப் புகார்களைத் தினம் கேட்கிற எனக்கு அதன் பயன் நன்றாகவே தெரியும். ஆனாலும் எதிர்ப்பு எழுந்தது, பல பக்கங்களிலிருந்து. டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இந்த விஷயத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிலர், நல்லதுதானே, வைத்தால் என்ன என்றார்கள். நல்லதா கெட்டதா என்பது அங்கே கேள்வியே அல்ல. நல்லது என்றால் நானே வைத்துக்கொள்வேன், வைத்தும் இருக்கிறேன். நல்லது என்று எனக்காக வேறொருவர் முடிவு செய்து, அதை எடுக்க முடியாதபடியும் செய்துவிட்டால், என் கையில் இருப்பது எனக்கு ஒதுக்கப்பட்ட ஃபோன். என் ஃபோன் அல்ல. அரசுக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி வேண்டும்.

ஜனங்கள் டிஃபால்ட்டை மாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கட்டடங்கள் அனைத்தும் நிற்கின்றன. பெரும்பாலும் அந்த நம்பிக்கை வீண்போவதில்லை. நூம்பலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நாங்கள் எடுத்தவை இருபத்தேழு. விட்டவை அதைவிட அதிகம். அவற்றில் எவை நாங்களாக விட்டவை, எவை எங்களால் எடுக்க முடியாமல் நின்றவை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது பத்திதான் நீளம்.